குனியக் கூடாத நாட்கள்

பிப்ரவரி 9

அன்புள்ள துணைவிக்கு,

நான் நலமாகவே இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாய் வரவில்லை. அதனால்தான் போன் செய்யாமல் எழுதுகிறேன். மணிக்கட்டில் மாவுக்கட்டு அரிக்கிறதா? தங்கை வீட்டில் மாடிப்படி ஏறாதே.

என் முதுகில் போட்ட துளைகள் ஆறிவிட்டன. அரிசியளவு தழும்புதான். பார்க்க வருபவர்கள், "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்கிறார்கள். உள்ளே நரம்பை அழுத்திய டிஸ்க்கைச் செதுக்கி எடுத்தது வெளியே தெரிவதில்லை.

நீ குளியலறையில் வழுக்கி விழுந்த அன்றைக்கு நான் செய்ததை யோசித்துப் பார்த்தேன். ஆறு வாரம் குனியவோ தூக்கவோ கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. உன்னைத் தூக்கப் போய் டிஸ்க் மறுபடி பிதுங்கியிருந்தால் இருவருமல்லவா தரையில் கிடந்திருப்போம்? மாடி வீட்டுத் தையல்காரரைப் போனில் கூப்பிட்டது சரிதான் என்று படுகிறது. அவர் கடையிலிருந்து வர அத்தனை நேரமாகும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நான் நினைப்பது சரிதானா? நீ சொல்.

உன் கணவன்

*

பிப்ரவரி 15

அன்புள்ள உங்களுக்கு,

அரிக்கிறது. கரண்டிக் காம்பை உள்ளே விட்டுச் சொறிந்துகொள்கிறேன்.

நீங்கள் தூக்கவில்லை என்று யார் கோபித்தார்கள்? தூக்கியிருந்தால் நானே திட்டியிருப்பேன். ஆஸ்பத்திரியில் உங்கள் காலில் செருப்பு மாட்டிவிட்டவள் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் தையல்காரர் வரும்வரை எங்கே நின்றீர்கள்? தெருக்கதவருகே. நான் கத்தியது கேட்டதா, இல்லையா? "இதோ வந்துடுவாரு, பயப்படாதே" என்று ஒரு குரல் கொடுக்கக் கூடாது என்று எந்த டாக்டர் சொன்னார்?

உங்கள் சகலை கேட்கிறார்: "அக்கா, அண்ணனுக்கு ஆபரேஷன் முதுகுலதானே? வாயில இல்லையே?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன்.

உங்கள் மருந்துக்கடையில் டாக்டர் சீட்டில் எழுதியதற்கு மேல் ஒரு மாத்திரை கொடுக்காத மனிதர் நீங்கள். அது கடைக்குச் சரி.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மனைவி

*

பிப்ரவரி 24

அன்புள்ள துணைவிக்கு,

கேட்டது. நீ கத்தியது நன்றாகவே கேட்டது.

உள்ளே வந்து உன் முகத்தைப் பார்த்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. எதையாவது தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்து அங்கேயே நின்றுவிட்டேன். முதுகுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முன்பே இதை எழுதியிருக்க வேண்டும்.

நேற்று டாக்டர் பார்த்தார். இனிக் குனியலாமாம், பஸ்ஸில் போகலாமாம். மார்ச் எட்டு, சனிக்கிழமைக்குச் சீட்டு எடுத்திருக்கிறேன். உன்னை அழைத்துவர வரட்டுமா? உன் சம்மதம் இல்லாமல் கிளம்ப மாட்டேன்.

உன் கணவன்

*

மார்ச் 3

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். கேட்டது என்று ஒப்புக்கொண்டீர்களே, அந்த மட்டில் நிம்மதி.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், வராதீர்கள்.

பஸ் நிலையத்திலிருந்து இங்கே ஒரே ஏற்றம். முதுகு வலிக்காரரால் நடக்க முடியாது. ஆட்டோ பிடித்தால்தான் உண்டு. சனிக்கிழமை சகலைக்கு விடுமுறை, வீட்டில்தான் இருப்பார். கட்டும் அதற்குள் பிரித்துவிடுவார்கள்.

உங்கள் மனைவி

*

மார்ச் 8, சனிக்கிழமை

அன்புள்ள துணைவிக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். ஏற்றத்தையும் ஆட்டோவையும் பற்றி நீ எழுதியிருந்ததைப் பார்த்து, வேறு எதையோ சொல்ல வருகிறாயோ என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் வராதீர்கள் என்று நீ தெளிவாக எழுதியிருக்கும்போது, நானாக ஓர் அர்த்தம் கற்பித்துக்கொண்டு வந்து நிற்பது முறையல்ல. சீட்டை ரத்து செய்துவிட்டேன். இந்த முறையாவது உன் சொல்லைக் கேட்டேன் என்று நீ ஆறுதல் கொள்வாய் என நம்புகிறேன்.

எடுத்து வைத்திருந்த துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டு, காலிப் பையைக் குனிந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். கொஞ்சம்கூட வலிக்கவில்லை.

உன் கணவன்