தங்கை வெறுங்கையோடு போனாள்

4, செவ்வாய். காலையிலிருந்தே வெயில்.
காட்பாடியில் தங்கை அந்தோணியம்மாள் அடக்கம். இருந்தவர்கள்: நான், என் மகள் ரோஸி, தங்கை மகன் ஸ்டீபன், அவன் பெண்டாட்டி ஷீலா, அவர்கள் போகும் ஜெபவீட்டுப் பாஸ்டர், பக்கத்து வீட்டு மும்தாஜ், ஷூ கம்பெனியில் தங்கையோடு தைத்த பெண்கள் ஒன்பது பேர். எங்கள் கத்தோலிக்கக் கோவில் பங்குச் சாமியார் இல்லை. ஸ்டீபன் கூப்பிடவில்லை.

மகன் சபை மாறினான், தங்கை மாறவில்லை. "ஜெபமாலைய கையில சுத்தி அனுப்புக்கா." என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். சுற்றினேன். வலது கை. நீல மணி.

மூடி போடும்போது பார்க்கிறேன், கை காலி. நான் கத்துவதற்குள் ஆணி இறங்கிவிட்டது.

ஸ்டீபன், "நான் எடுக்கல பெரியம்மா."

நம்பவில்லை.

5, புதன். மேகம். துணி காயவில்லை.
இன்னும் தங்கை வீட்டில்தான். பாஸ்டர் ஆறுதல் சொல்ல வந்தார். ஆறுதல் இரண்டு நிமிஷம், மீதி உபதேசம்.

"செத்தவங்களுக்கு ஜெபம் எதுக்கும்மா? அவங்க கதை முடிஞ்சிது."

"உங்களுக்கு முடிஞ்சிது. ஆண்டவருக்கு அவ உயிரோடதான் இருக்கா. பாவம் எதுனா கழுவ வேண்டியது இருந்தா கழுவி, மோட்சத்துல சேத்துக்குவாரு. அதுவரிக்கும் நான் வேண்டுவேன்."

"சொன்னதையே சொல்றது வீண் ஜெபம்."

"கெத்சமனியில ஆண்டவர் மூணு தரமும் ஒரே வார்த்தையத்தான் சொன்னாரு. அது வீணா? நேத்து நீங்க எத்தினி ஸ்தோத்திரம் சொன்னீங்க? நான் எண்ணல, மும்தாஜ் எண்ணிச்சி."

மும்தாஜ் முந்தானையால் வாயைப் பொத்தியது. "எங்கிட்டயும் தஸ்பி மணி இருக்குது பாஸ்டர். நானும் சொன்னதையேதான் சொல்றேன்."

அவர் பைபிள் காலேஜ். நான் மூன்றாம் வகுப்பு. பாதி டீயோடு எழுந்து போனார்.

6, வியாழன்.
முட்டி வலி. தைலம் தீர்ந்தது. கோவிலில் ஏழாம் நாள் பூசைக்குத் தங்கை பெயர் கொடுத்தாயிற்று.

ஸ்டீபன் வேலை முடிந்து வந்தான். பூசைக்குக் கூப்பிட்டேன்.

"வரமாட்டேன் பெரியம்மா. மாதா, மாதான்னு இன்னாத்துக்கு? நேரா இயேசுவ கேக்கலாம் இல்ல?"

"உம் பொண்டாட்டிக்கு ஜுரம்னா பாஸ்டர ஜெபம் பண்ணக் கூப்பிடற. அவருகிட்ட கேக்கலாம், ஆண்டவர பெத்தவகிட்ட கேக்கக் கூடாதாடா?"

டிபன் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தான். "மாலைய நான் எடுக்கல. எடுத்திருந்தா எல்லார் முன்னாடியும் எடுத்திருப்பேன்."

அது நிஜம். ஒளித்துச் செய்யும் பிள்ளை இல்லை. இன்று நம்புகிறேன்.

7, வெள்ளி. தூறல்.
அடக்கத்தன்று ரோஸி கட்டியிருந்த புடவையைத் துவைக்க உதறினேன். முந்தானை முடிச்சில் நீல மணி.

"பாஸ்டர் மூஞ்சி சுளிச்சாரும்மா. சாவு வீட்ல சண்டை வேணாம்னு நான்தான் கழட்டினேன். ஒரு மாலைதானே."

ஒரு மாலைதானே!

கல்லறைக்கு நான் தனியாகப் போனேன். கை இருக்கும் பக்கம் பார்த்து, முழங்கை ஆழம் தோண்டி, மாலையைப் புதைத்தேன். நகம் எல்லாம் மண். ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மங்கள வார்த்தை ஜெபத்தையும் விரலில் எண்ணிச் சொன்னேன். சத்தமாக. ஜெபவீட்டுக் கல்லறைதான், கேட்கட்டும்.

நாளைக்குப் பாவசங்கீர்த்தனம். மனுஷனிடம் போய்ப் பாவத்தை ஏன் சொல்கிறாய் என்று அதையும் கேட்பார்கள். மனுஷன் வாயால் மன்னிப்புக் கொடுக்கச் சொன்னது ஆண்டவர். சாமியாரிடம் உள்ளதைச் சொல்வேன். பாஸ்டர் அவர் நம்புவதைப் பேசினார், மன்னித்தேன். ஸ்டீபன் பெற்றவளைத் தன் சபை வழியில் புதைத்தான், அவனையும் மன்னித்தேன். தினமும் என் பக்கத்தில் முட்டி போட்டு ஜெபமாலை சொல்லிவிட்டு, ஒருத்தர் முகம் சுளித்ததற்குச் செத்தவள் விரலைப் பிரித்தாளே, அவளை மன்னிக்க மாட்டேன். சாமியார் எத்தனை தரம் சொன்னாலும் மாட்டேன்.

என் மகள் ரோஸியை.