அம்மன் மேல் வாங்கிய சத்தியம்

என் கோபத்தைச் சிரித்தே அடக்கிவிடும் அப்பாவுக்கு,

சிதம்பரத்தில் நம் வீட்டில் உங்கள் கருமாதிப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது உங்கள் ஃபோன் அடித்தது. பந்தி இரைச்சலில் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு எடுத்தேன். "என்ன பெரியவரே, சத்தியம் பண்ணிட்டு ஃபோன எடுக்காம இருக்கீங்க? வீட்டுக்குப் போலீஸ அனுப்பட்டுமா?" என்றது ஓர் ஆண் குரல். "யார்றா நீ?" என்றேன். வைத்துவிட்டான்.

இலையில் உட்கார்ந்திருந்த பாவாடை மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. நீங்கள் கண்டக்டராக இருந்த பஸ்ஸை முப்பது வருஷம் ஓட்டியவர், எதற்கும் அசராதவர். சோற்றைப் பிசைந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை.

மறுநாள் உங்கள் பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தேன். நீங்கள் போவதற்கு முந்தின மாதம் இருந்த பணத்தையெல்லாம் யாருக்கோ அனுப்பியிருக்கிறீர்கள். நீங்கள் இளைத்துக்கொண்டே போனதற்குச் சர்க்கரையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். ஏனப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை?

பந்தியில் மாமா முகம் மாறியது நினைவுக்கு வர, அன்றைக்கே கடலூரில் அவர் வீட்டுக்கு பஸ் ஏறினேன். என்னைப் பார்த்ததும் மாமா கொல்லைப்புறம் போய்விட்டார். அத்தைதான் அழுதாள்: "நாளைக்கி பேங்க்குல டெபாசிட்ட எடுக்கப் போறேங்கிறாரு. எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்றாரு. நீயாவது கேளுடி."

கேட்டேன், கெஞ்சினேன். "அம்மன் மேல சத்தியம் பண்ணியிருக்கன்மா. சொன்னா குடும்பம் வெளங்காது" என்பதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

"அப்பிடின்னா அம்மனையே கேட்ருவோம் மாமா. வெள்ளப்பூ வந்தா சொல்லலாம், செவப்பு வந்தா நான் வாய மூடிக்கினு ஊருக்குப் போறேன்" என்றேன். பூ கேட்பதற்கு மட்டும் அவர் மறுப்புச் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அப்பா, உங்களிடம் மட்டும் சொல்கிறேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளியைத்தான் கட்டினேன். முள்ளை முள்ளால்தானே எடுக்க வேண்டும்? குற்றமென்றால் அம்மன் என்னைக் கேட்கட்டும், பதில் வைத்திருக்கிறேன்.

அம்மன் கோயிலில் மாமா ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார், வெள்ளை. சன்னிதி என்றும் பார்க்காமல் கேவி அழுதார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். போலீஸ் உடுப்பு போட்டுக்கொண்டு வீடியோவில் ஒருவன் வந்தானாம், மாமா பெயரில் வழக்கு இருக்கிறது, பணம் அனுப்பாவிட்டால் கைது என்றானாம். கற்பூரம் ஏற்றச் சொல்லி, பெண்டாட்டி பிள்ளையிடம்கூட மூச்சுவிட மாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். உங்களிடமும் அப்படித்தான் வாங்கியிருப்பான். சொன்ன சொல் தவறாத மனிதர்களாகப் பார்த்துக் கட்டிப்போட்டிருக்கிறான், படுபாவி.

அங்கிருந்து நேராக சைபர் கிரைம் போலீஸுக்குப் போனோம். உங்களுக்கும் சேர்த்துப் புகார் கொடுத்திருக்கிறேன். போனது திரும்புமா, தெரியாது. ஆனால் மாமா பேங்குக்குப் போகவில்லை.

வெளியே டீ குடிக்கும்போது மாமா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஒங்கப்பன் சத்தியத்துக்கு மட்டும் பயந்தான்னு நெனைக்காதம்மா. ஏன்டா ஒரு மாரி இருக்கன்னு ஒருநாள் கேட்டேன். எதுனா சொன்னா எம்பொண்ணு சத்தம் போடுவாடான்னான்."

டீயைக் கீழே வைத்துவிட்டேன் அப்பா. போன வருஷம் ஏதோ ஒரு மெசேஜைத் தொட்டுவிட்டீர்கள் என்று, அம்மா எதிரிலேயே உங்கள் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கி, "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப்பா இதெல்லாம்?" என்று கத்தினேனே. அன்றைக்கு நீங்கள் சிரிக்கவில்லை. அதை நான் கவனிக்கக்கூட இல்லை. அந்தத் திருடனுக்குப் பாதி வேலையை நானே செய்து கொடுத்திருக்கிறேன்.

இப்போது உங்களோடு ரிட்டயர் ஆனவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்வருகிறேன். போலீஸ் யாரையும் வீடியோவில் கைது செய்யாது என்கிறேன். எவனாவது யாரிடமும் சொல்லாதே என்றால் அவன்தான் திருடன் என்கிறேன். பிள்ளைகளைத் தனியே கூப்பிட்டு இன்னொன்றும் சொல்கிறேன், அது என் சொந்த அனுபவம்.

நேற்று அம்மா ஃபோனை முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்தாள். "தெரியாம எதையோ அமுக்கிட்டேன்டி. திட்டாத."

தொண்டை வரை வந்ததை விழுங்கினேன். "உக்காரும்மா. என்னா ஆச்சு, சொல்லு" என்றேன்.

அவள் உட்கார்ந்தாள், சொன்னாள். இனி இந்த வீட்டில் யாரும் எனக்குப் பயந்து எதையும் மறைக்க மாட்டார்கள் அப்பா. இதற்கு நான் கற்பூரம் ஏற்றப் போவதில்லை, என் வார்த்தை போதும்.

நீங்கள் சொல்லப் பயந்த
உங்கள் மகள்