துணைக்கு வந்தவர்கள்

12-5-1993, புதன்

நான் நர்ஸாக இருக்கும் போதை சிகிச்சை கிளினிக்கில் இதுவரை மலாய், சீன, தமிழ் ஆண்களைத்தான் சேர்த்திருக்கிறோம். பெண்கள் துணைக்கு வந்து பெஞ்சில் உட்காருவார்கள். இன்று ராணி என்ற பெண், பாயான் லெப்பாஸ் பக்கத்து ஃபேக்டரி யூனிஃபார்மோடு தனியாக வந்தாள். “வீட்டுக்காரர் எங்கேம்மா?” என்று வழக்கம்போல் கேட்டேன்.

“அவருக்கு இல்லக்கா. எனக்குத்தான் லா.”

ச்சே, என் வாய்! பெண்களுக்கென்று ஒரு கட்டில்கூட கிடையாது. டாக்டரிடம் சண்டை போட்டு ஸ்டோர் ரூமைக் காலி செய்ய வைத்தேன். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகையில், புருஷனுக்குத் தினமும் சோறு கொண்டுவரும் சீனப் பெண் என் கையைப் பிடித்தாள்.

“மிஸ்ஸி, சாயா புன்.” நானும்தான் என்கிறாள்!

புருஷனுக்குத் துணையாகப் பக்கத்து பெஞ்சில் இருந்த மலாய்க்காரப் பெண் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். நாளைக்கு அவள் புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். அவள் பேரைத்தான் கேட்பேன்.