குழாய் எரியாத நாள்

1946 மார்ச் 3, ஞாயிறு
மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து சன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கினேன். கல்லூரியில் பழசென்று கழித்த, வாயு அடைத்த கண்ணாடிக் குழாய் இன்றும் இளஞ்சிவப்பாக எரிந்தது. அதைச் சுற்றி நானே சுற்றிய கம்பிச் சுருள். அதில் மின்சாரம் விட்டால் சுருள் காந்தமாகிறது, ஒளி நடுவில் ஒடுங்குகிறது. கண்ணாடியில் கட்டிய தெர்மாமீட்டர் நான்கு டிகிரி கூடுதலாக ஏறுகிறது. லேசான எலெக்ட்ரானைக் காந்தம் வளைத்துப் பிடிக்கும், சரி. எலெக்ட்ரானை இழந்த கனத்த அணு, அந்த அயனி எப்படிச் சூடாகிறது? யாரிடம் கேட்பேன்? அரியலூரில் என்னிடம் கேட்பதெல்லாம், லீலா மேரி டீச்சருக்கு எப்போது கல்யாணம் என்றுதான்.

மார்ச் 5
கிருஷ்ணம்மாள் கடிதம். கல்லூரியில் என் பக்கத்து பெஞ்சு, இப்போது சென்னையில் ஆராய்ச்சி மாணவி. அவளுடைய புரொபசர் இன்னொருவரைச் சேர்க்கப்போகிறாராம். "உன் அளவுகளை உடனே அனுப்புடி. சரியா இருந்தா இடம் உனக்குத்தான்."
மூன்று முறை படித்தேன். சொல்ல ஆளில்லை. பெட்டியில் வைத்தேன்.

மார்ச் 7
தபாலில் போட்டாயிற்று.

மார்ச் 24, ஞாயிறு
குழாய்க்கு ஒரு பேட்டரி, சுருளுக்கு ஒன்று. இரண்டுக்கும் டூரிங் சினிமாக் கொட்டகை எஞ்சின்காரர் அரியமுத்துதான் சார்ஜ் போடுவார். "ஆச்சுங்களா?" என்பேன். "ஆச்சுங்க" என்பார். மூன்று வருஷமாக எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.
இன்று குழாயின் பேட்டரியில் உயிரே இல்லை. சுருளை மட்டும் ஓடவிட்டு அடுப்பில் சோற்று உலையைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால், அதே நான்கு டிகிரி!
குழாயே எரியல. உள்ள அயனியே இல்ல. அப்புறம் எதுடி சூடாச்சு? சுருள். மின்சாரம் ஓடினால் கம்பி சூடாகும் என்று வகுப்பில் நானே பாடம் நடத்துகிறேன். அறிவு கெட்டவளே.

மார்ச் 26
சென்னையிலிருந்து கடிதம். ஜூலையில் வந்து சேரச் சொல்கிறார்கள்.

மார்ச் 28
வாயை மூடிக்கொண்டு போய்விட்டால் யாருக்குத் தெரியும்?

ஏப்ரல் 5, வெள்ளி
பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சுவாமியாருக்கு அயனியும் புரியவில்லை, பாவமும் புரியவில்லை. பரிகாரமாக மாதாவுக்கு மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்து, தபாலாபீசிலேயே உட்கார்ந்து சென்னைக்கு உண்மையை எழுதிப் போட்டேன்.

மே 2
இடம் வேறொருவருக்கு. ஏன்டி எழுதித் தொலைத்தாய் என்று கிருஷ்ணம்மாள் திட்டியிருக்கிறாள். அழுதேன்.

ஜூன் 16, ஞாயிறு
குழாய் மட்டும், சுருள் மட்டும், இரண்டும் சேர்த்து என்று பத்துத் தடவை நுணுக்கமாக அளந்தேன். குழாயின் சூட்டையும் சுருளின் சூட்டையும் தனித்தனியே கழித்தாலும் அரை டிகிரி மிஞ்சுகிறது. அது காந்தத்தால் குழாய்க்குள்ளேயே பிறந்த சூடு.
பேட்டரியைக் கொடுக்கப் போனபோது அரியமுத்து தயங்கித் தயங்கி, "மார்ச்சுல ஒண்ணுக்கு சார்ஜ் போட மறந்துட்டேங்க. அதுல ஏதும் கெட்டுப்போச்சுங்களா?" என்றார்.
என்ன தோன்றியதோ, எல்லாவற்றையும் சொன்னேன். இரைகிற எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டார்.
"லேசானதைத்தானே காந்தம் புடிக்குது. கனமானது எப்படிங்க சூடாவுது?"
தெரியலைங்க என்றேன்.
இத்தனை வருஷம் எனக்கு மட்டும் தெரியாமல் இருந்தது, இன்று இரண்டு பேருக்குத் தெரியாது.