ஆளுக்கு இரண்டு டிக்கெட்

அன்பு மகளுக்கு,

அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் சௌக்கியம். இந்தத் தடவை நிஜமாகவே சௌக்கியம். போன இரண்டு கடிதங்களில் எழுதியது பொய். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

இந்த முதியோர் இல்லத்தில் எங்கள் மாடியில் முப்பத்தெட்டுப் பேருக்கு இரண்டு நர்ஸ்கள் இருந்தார்கள் அல்லவா? ஒருத்தி வேலையை விட்டுப் போய் நாலு மாதமாகிறது. அவள் இடத்துக்கு ஆள் போடவில்லை. மிச்சமிருந்தவளுக்கு நாங்கள் வைத்த பெயர் மின்னல். மாத்திரை கொடுக்கும்போதே ஒரு கால் வாசலில் இருக்கும். மதியச் சாப்பாட்டை மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் நின்றபடியே நாலு வாயில் முடித்துவிடுவாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

எங்களுக்குப் பொறுக்கவில்லை. எதிர் அறையில் ரிடையரான பஸ் கண்டக்டர் ஒருவர் இருக்கிறார். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். அவர் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் பழைய காலண்டர் தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து எல்லோருக்கும் கொடுத்தார். "ஆளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு டிக்கெட். நர்ஸைக் கூப்பிடுற கட்டில் மணியை அதுக்கு மேல அடிச்சா நடுவழியில இறக்கி விட்டுருவேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் வாங்கினோம். ஆனால் அப்படியே கடைப்பிடித்தோம். முதுகு வலித்தாலும் பொறுத்துக்கொண்டோம். நான் இன்னும் ஒரு படி மேலே போனேன். பாத்ரூமுக்குத் துணை கூப்பிட வேண்டாமே என்று தண்ணீர் குடிப்பதையே ஒரு நாளைக்கு ஒரு டம்ளராகக் குறைத்துக்கொண்டேன். மீந்த டிக்கெட்டைத் தலையணைக்கு அடியில் சேர்த்துவைத்ததில் பெருமை வேறு.

அப்புறம் என்ன, நீர்க்கடுப்பும் குளிர் காய்ச்சலும் வந்து ஆறு நாள் படுக்கை. 'எல்லாம் சௌகரியம்' என்று உனக்கு எழுதியது அதில் மூன்றாம் நாள்.

ஊசி போட வந்த மின்னல் என் கையைப் பிடித்தபடி அழுதுவிட்டாள். ராஜினாமா கொடுத்துவிட்டாளாம்; மாதக் கடைசியோடு சரி. யார் எப்போது மணியடித்தார்கள், நர்ஸ் வந்து எப்போது அதை அணைத்தாள் என்பதெல்லாம் ஆபீஸ் மிஷினில் பதிவாகும். "இன்னொரு நர்ஸ் வேணும்னு கேட்டேம்மா. மேனேஜர் மிஷின் பேப்பரைக் காட்டுறார். ஆள் குறைஞ்சப்புறம் கூப்பிடுறதும் பாதியாக் குறைஞ்சிருக்கே, அப்புறம் எதுக்குங்கறார்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டிய எனக்கு இது தோன்றாமல் போயிற்றே! அங்கேயும் எத்தனை அழைப்பு வந்ததோ அதற்கு ஏற்றபடிதான் ஆள் போடுவார்கள். கூப்பிடாமலே இருந்தவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். உதவுகிறோம் என்று நினைத்து அவள் வேலைக்கு நாங்களே உலை வைத்திருக்கிறோம்.

காய்ச்சல் விட்ட மறுநாளே எல்லோரையும் மேஜைக்குக் கூட்டிச் சொன்னேன். கண்டக்டர் முகம் சுருங்கிவிட்டது. டிக்கெட்டையெல்லாம் திரும்ப வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டார். கொஞ்ச நேரத்தில் பழைய வேகம் வந்து, "அப்போ விடாம அடிச்சுத் தள்ளுவோம்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பொய்க்கு ஒரு மணிகூடக் கூடாது, தேவைக்கு அடிக்காமல் விடவும் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். மின்னலிடமும் முன்கூட்டியே சொன்னோம். பத்து நாள் பாவம், பம்பரமாகச் சுற்றினாள். பார்க்கவே சகிக்கவில்லை, ஆனாலும் அடித்தோம். ஒரு தடவை என் மணிக்கு அவள் வந்துசேர முக்கால் மணி நேரமாயிற்று. அதுவும் பதிவானது.

பதினோராம் நாள் மேனேஜர் நீளமான தாளோடு மாடிக்கே வந்துவிட்டார். மிஷின் ரிப்பேரா என்று கேட்டார். மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது, எங்கள் புத்திதான் ரிப்பேராக இருந்தது என்று டிக்கெட் கதை, காய்ச்சல் கதை எல்லாவற்றையும் சொன்னேன். மனுஷர் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தத் தாளின் ஓரத்திலேயே 'இன்னொரு நர்ஸ் தேவை' என்று எழுதிக்கொண்டார்.

போன திங்கட்கிழமை புது நர்ஸ் வந்துவிட்டாள். இப்போது ஒருத்திக்குப் பத்தொன்பது பேர். மின்னல் ராஜினாமாவைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். அப்பாடா என்றிருக்கிறது! நேற்று என் கட்டிலில் உட்கார்ந்து, ஆமாம், உட்கார்ந்து, பத்து நிமிஷம் பேசினாள். சிரித்தால் உன்னைப் போலவே அவளுக்கும் கன்னத்தில் குழி விழுகிறது. இத்தனை நாள் எனக்கு அது தெரியாது.

இனி உன் விஷயம். மாப்பிள்ளைக்கு வெளியூர் வேலை. நாலு மாதக் கைக்குழந்தையோடு ஆபீஸுக்கும் போய்வருகிறாய். 'எல்லாம் சௌகரியம், கவலைப்படாதே' என்று நீயும் மூன்று கடிதங்களில் எழுதிவிட்டாய். அந்த வரியை நான் எந்த லட்சணத்தில் எழுதினேன் என்று இப்போது உனக்குத் தெரியும். துணைக்கு வரட்டுமா என்று உன் மாமியார் கேட்டதற்கு, வேண்டாம், சமாளித்துக்கொள்கிறேன் என்றாயாமே? சம்பந்தியம்மா என்னிடம் சொன்னார். உனக்கு எந்தக் குறையும் இல்லை என்று அப்படியே நம்பியிருக்கிறார்.

இதை எழுதும்போதே இரண்டாவது டம்ளர் தண்ணீரும் குடித்தாயிற்று. இப்போதுதான் மணியடித்தேன். வராந்தாவில் மின்னலின் காலடிச் சத்தம் கேட்கிறது. ஓடவில்லை, நடந்துதான் வருகிறாள்.

கண்ணு, இந்தக் கடிதத்தை மடித்து வைப்பதற்கு முன்னால் உன் மாமியாருக்குப் போன் போடு. "வாங்க அத்தை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. நீயும் என் பேரனும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா