அந்தப் பித்தளை பியூஸ் எதற்கானது என்பது பற்றிப் பரமு மச்சானுக்கு

அன்பின் பரமு மச்சானுக்கு,

உன்மேல் எனக்குள்ள முறைப்பாடுகளை நாள்வாரியாகக் கீழே தருகிறேன்.

1. ஆடி மாதம், முதற் சனி: கடற்கரையில் உன்னிடம் காட்டப்பட்ட பொருளை எனக்கு அறிவிக்காமல் சைக்கிள் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாய்.

2. அடுத்த புதன்: அது எதற்கானது என்று எனக்குச் சொன்னாய். சரியாகவே சொன்னாய். அத்தோடு நிறுத்தவில்லை.

3. அதே கிழமை, சனி: நான் வரும்வரை பொறுத்திருப்பதாக ஒப்புக்கொண்ட நீ பொறுத்திருக்கவில்லை.

4. அன்றைக்கே: தேத்தண்ணீர் ஆறுகிறது என்று கூப்பிட்ட உன் மனைவி, என் தங்கை சறோவுக்கு, "ஓம், வாறன்" என்று பதில் சொன்னாய்.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிடும் நினைவுப் புத்தகமான கல்வெட்டில் நானும் எழுதவேண்டும் என்று உன் பிள்ளைகள் கேட்டார்கள். யுத்தத் தடையால் தாள் இல்லாத காலம். கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பித் தாளில்தான் அச்சடிக்கிறார்கள். மற்றவர்கள் எல்லோரும் உன்னைப் புகழ்ந்து எழுதிவிட்டார்கள். அதற்குமேல் புகழத் தாளும் இல்லை, எனக்கு மனமும் இல்லை.

வாசிப்பவர்களுக்காக, நீ அறிந்ததையே திருப்பிச் சொல்கிறேன். மீன்பிடிக்கும் அந்தோனியின் வலையில் கைக்கடக்கமான பித்தளைச் சாமான் ஒன்று ஏறியது. கடற்படையின் குண்டு ஒன்றிலிருந்து கழன்ற பியூஸ், அதாவது குண்டை வெடிக்கவைக்கும் பாகம் என்பது மட்டும் கரையிலிருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. வேறொரு கரையில் ஒதுங்கிய குண்டைத் தட்டிப்பார்த்த ஒருவன் செத்திருந்தான். அதனால் ஒருவரும் கடலில் இறங்கவில்லை. வெளிக்கடலில் கடற்படை விடாது, கரையோரத்துச் சிறு கீலம்தான் அவர்களுக்கு மிச்சம். அதுவும் போனால் அடுப்பு எரியாது. அடியில் கிடக்கும் மற்றக் குண்டுகளில் வலை முட்டினால் வெடிக்குமா? ஊரில் பௌதிகம் படிப்பிப்பவன் நீ என்பதால் உன்னைத் தேடிக் கரவெட்டிக்கு வந்து கரைக்குக் கூட்டிப்போனார்கள்.

புதன்கிழமை திருநெல்வேலிக்கு வந்து, பல்கலைக்கழக வளாகத்தில் என் மேசையிலேயே அதை வரைந்து காட்டினாய்.

"கரைக்கு அடிக்கிற குண்டெண்டால் முட்டினவுடனை அமுங்க ஒரு முனை வேணும். உதிலை முனையே இல்லை. சுத்திவர ஓட்டை. ஓட்டைக்குப் பின்னாலை றப்பர் தோல்."

ஓட்டைகள் எதற்கு என்று கேட்டேன்.

"தண்ணி போக, மச்சான். ஆழம் கூடக்கூடத் தண்ணி அமத்தும். குறிச்ச ஆழத்திலை வேலை செய்யும். உது முட்டுறதுக்குச் செய்ததில்லை, தாழுறதுக்குச் செய்தது."

அழகான விடை. கடலின் கீழே மறைந்து வருவதை அழிக்கச் செய்த ஒன்றை, ஒரு புத்தகமும் இல்லாமல், ஓட்டைகளை மட்டும் பார்த்து வாசித்துவிட்டாய். வலை முட்டினால் ஒன்றும் நடவாது, கரையோரத்தில் அவ்வளவு ஆழமும் இல்லை என்றாய். நான் மறுக்கவில்லை. அதை வெறுங்காணியில் வைத்துவிட்டு விலகி நில், சனிக்கிழமை வருகிறேன் என்றேன். ஓம் என்றாய்.

வெள்ளிக்கிழமை கரைக்குப் போய் அவர்களிடம் சொல்லியிருக்கிறாய். அந்தோனி ஒரு கேள்விதான் கேட்டானாம்: "நிச்சயமோ, மாஸ்ரர்?"

அநேகமாக என்று சொல்லியிருக்கலாமே? பிள்ளைகளின் விடைத்தாளில் அந்தச் சொல்லைக் கண்ட இடமெல்லாம் சிவப்பு மையால் வெட்டியவன் நீ. விடை என்றால் விடை, அநேகமாக என்பது விடையல்ல என்பாய். உன் வாயால் அதைச் சொல்ல உனக்கு மனம் வரவில்லை.

அழுத்தம் கொடுத்துப் பார்க்க உன்னிடம் கருவி இருக்கவில்லை. சைக்கிள் பம்ப் இருந்தது. அமத்துவது காற்றா தண்ணீரா என்று றப்பருக்குத் தெரியாது. உன் பௌதிகத்தில் பிழை இல்லை. உள்ளே இருந்த வெடிமருந்து உப்புத் தண்ணீரில் எப்போதோ செத்திருக்கும் என்று நம்பினாய். அதை யாரிடம் கேட்டாய்? அந்த ஒன்றில் மட்டும் உனக்கு ஏன் நிச்சயம் தேவைப்படவில்லை?

குசினியில் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருந்த சறோவுக்குப் பம்ப் அடிக்கும் சத்தம் கேட்டது. அண்ணை வாறார், எதிர்கொண்டு போகத்தான் இவர் சைக்கிள் சில்லுக்குக் காற்றடிக்கிறார் என்று நினைத்தாளாம். அந்த நேரம் நான் வல்லை வெளியில் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தேன். நான் வந்து சேரமுன் அது உன் கையில் வெடித்துவிட்டது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவன்று அந்தோனி வந்தான். வாசலுக்கு வெளியிலேயே நின்றான். "மாஸ்ரர் கடைசியிலை என்ன முடிவு சொன்னவர், சேர்?" அவன்மேல் கோபப்பட ஆயத்தமாக இருந்த நான், அவன் முகத்தைக் கண்டபின் அந்தக் கோபத்தையும் உன் கணக்கிலேயே எழுதிக்கொண்டேன். மாஸ்ரர் சொன்னது சரி, அது அழுத்தத்தில்தான் வேலை செய்யும், ஆனால் உப்பு அதைக் கொல்லவில்லை என்றேன். அநேகமாகத் தொழிலுக்குப் போகலாம். பாரமாக ஏதும் ஏறினால் தூக்கவேண்டாம், வலையை வெட்டிவிடுங்கள் என்றேன்.

"வெட்டலாம், சேர். பிறகு தைக்க நூல்? அதையும் படிச்ச ஆக்கள்தான் கண்டுபிடிச்சுத் தரவேணும்."

அந்தச் சொல் எனக்கு உறைத்தது. ஆனாலும் போன கிழமை அவன் வலையில் பாரமாக ஏதோ ஏறியபோது, என்னவென்று பாராமலே வெட்டிவிட்டான். பாதி வலை போய்விட்டது. மிஞ்சிய பாதியில் வந்த மீனைக் கொண்டுவந்து, மாஸ்ரரின் பங்கு என்றான். சாவுத் துடக்கு உள்ள வீடு, மீன் எடுக்க முடியாது. அந்தியேட்டி முடியட்டும், பிறகு கொண்டுவா என்றாள் சறோ. அதற்குப் பிறகுதான், முதன்முறையாக, சத்தமாக அழுதாள்.

புதன்கிழமை என் மேசையில் உனக்கு எல்லாம் தெரிந்திருந்ததே, மச்சான். பிறகும் ஏன் அந்தப் பம்பை எடுத்தாய்?

கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போக வழியில்லை. கிரியையை அந்தோனியின் கரையில்தான் செய்கிறோம். ஐயர் வந்து அமரும் முன்பாக, அன்று காலைக்குள், இதற்கான பதிலை எழுத்தில் தா. "அநேகமாக" என்று தொடங்கினாலும் வெட்டமாட்டேன்.

என் பங்குக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கரையில் எது ஒதுங்கினாலும் அவர்கள் கூப்பிட்டால் போவேன், தொடாமல் பார்ப்பேன், தெரியாததைத் தெரியாது என்பேன். உன் வீட்டு வாசலில் இனி யாரையும் சைக்கிளுக்குக் காற்றடிக்க விடமாட்டேன். அடிப்பதென்றால் சந்திவரைக்கும் உருட்டிக்கொண்டு போகட்டும்.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும்
சறோவின் அண்ணை, உன் மச்சான்.