சத்தம் வராத ஆயிரத்துத் தொள்ளாயிரம் பதிவுகள்

மார்ச் 3, 2025, திங்கள்

தேனாம்பேட்டை சிக்னலில் இருபது நிமிடம். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குள் நுழைந்ததுமே முதலாளி லாரன்ஸ், "ஜுவேரியா, கெட்டுப்போன டிஸ்க்குலேர்ந்து ஃபைலை மீட்க நீ எழுதின புரோகிராமுக்கு முதல் கேஸ் வந்துருக்கு" என்றார்.

பெஞ்சில் ஒரு பெண். மணிமொழி. சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் வளர்ந்தவள். அங்கிருந்த வீடுகளை அரசு இடித்த பிறகு, குடியமர்த்திய பெரும்பாக்கத்திலிருந்து வந்து போகிறாள். காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருகிறாள். பிஎச்.டி. ஆராய்ச்சிக்காக ஏழு வருடமாக அவர்கள் குரலைப் பதிவு செய்தது, ஆயிரத்துத் தொள்ளாயிரம் பதிவு, எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில். அது கீழே விழுந்துவிட்டது. இருபதாம் தேதி ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

"கிடைச்சிடுமாக்கா?"

பார்க்கலாம் என்றேன். உள்ளூரப் பயம்.

மார்ச் 4

விண்டோஸ் அந்த டிஸ்க்கைத் திறக்கப் போய் உறைந்துவிடுகிறது. என் புரோகிராம் அந்த வழியில் போகாமல், டிரைவர் என்ற இடைநிலை மென்பொருள் மூலமாக டிஸ்க்குக்கே நேராகக் கட்டளை அனுப்புகிறது: இந்த இடத்தைப் படித்துக் கொடு. ஒரு பிழையும் காட்டாமல் ஓடி முடித்தது. லாரன்ஸ் சமோசா வாங்கி வந்தார்.

மார்ச் 5

கோப்புகளின் பெயர் சரி. அளவு சரி. திறந்தால் சத்தமே இல்லை.

மணிமொழி ஹெட்போனை மாட்டிக்கொண்டு பத்து பதிவுகளைக் கேட்டாள். பிறகு கழற்றி மெதுவாக மேசையில் வைத்தாள். "இன்னாக்கா, ஒண்ணுமே கேக்கலியே."

என்னடீ பண்ணி வெச்சிருக்கே ஜுவேரியா? எல்லாத்துக்கும் 'வெற்றி'ன்னு காட்டுச்சே. எதுல வெற்றி?

மார்ச் 6

கண்டுபிடித்துவிட்டேன். ஒவ்வொரு கட்டளைக்கும் வருவது இரண்டு பதில்கள். 'கட்டளையைக் கொண்டு சேர்த்துவிட்டேன்' என்று டிரைவர் சொல்வது ஒன்று. அதைக் கேட்டு டிஸ்க் என்ன செய்தது என்பது தனியாக, இன்னொரு இடத்தில் வருகிறது. நான் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு வெற்றி என்று போட்டிருக்கிறேன். கோப்புகளின் பெயர்ப்பட்டியலைக் கொடுத்த பிறகு, டிஸ்க் ஒவ்வொரு தடவையும் முடியவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறது. நானோ வெறும் பூஜ்யங்களை அள்ளிக் கோப்புகளில் நிரப்பியிருக்கிறேன்.

வெட்கம். கூடவே சந்தோஷம் — டிஸ்க் சாகவில்லை, பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

மார்ச் 7

டிஸ்க் சொல்லும் காரணத்தையும் படிக்க வைத்தேன். சில இடங்கள்தான் கெட்டிருக்கின்றன. மற்ற இடங்களுக்கெல்லாம் டிஸ்க் சொன்னது, 'தயாராகிக்கொண்டிருக்கிறேன், பொறு'. பொறுக்கச் சொன்னால் காத்திருந்து மறுபடி கேட்கவும், கெட்ட இடமென்றால் குறித்துக்கொண்டு தாண்டிப் போகவும் மாற்றி எழுதினேன்.

மூன்று மணிக்கு முதல் பதிவை ஸ்பீக்கரில் போட்டோம். ஒரு குழந்தை மூச்சு வாங்குகிறது. பிறகு, "பஸ்ஸு."

"கயலு," என்றாள் மணிமொழி. கண் நிறைந்துவிட்டது. "அம்மான்னு சொல்ல வைக்க அவங்கம்மா ஆறு மாசம் பாடுபட்டாங்க. இவ பஸ்ஸுன்னுட்டா."

லாரன்ஸ் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

மார்ச் 12

பதினோரு பதிவுகள் தவிர எல்லாம் வந்துவிட்டன. அந்தப் பதினொன்றின் பெயரையும் மறைக்காமல் எழுதிக் கொடுத்தேன். மணிமொழி என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

மார்ச் 20

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாளாம்.

செப்டம்பர் 18, வியாழன்

மணிமொழிக்கு இன்று வாய்மொழித் தேர்வு. கடைசி வரிசையில் நானும் அவள் அம்மாவும். அங்கே பேசியது அவருக்குப் பிடிபடவில்லை. எல்லாரும் கை தட்டியதும் என் பக்கம் சாய்ந்தார்.

"இன்னாம்மா, பாஸா?"

"பாஸ்தாம்மா. இனிமே டாக்டர் மணிமொழி."

அவர் உடனே முன்வரிசைப் பேராசிரியரின் தோளைத் தட்டி, "எம்பொண்ணு டாக்டராம். ஊசி போடாத டாக்டரு" என்றார்.